மீனறிந்து ஆக்குதல்: மீமிசல் கடற்கரை வீட்டுச் சமையலில் பெயரறிவும் செய்முறையும்

ஆய்வுச் சுருக்கம்

மீன் சமையலைக் கூறும் அச்சு நூல்களும் காணொளிகளும் பொருள்களின் அளவையும் அடுப்பின் நேரத்தையும் முதன்மைப்படுத்துகின்றன. அவற்றில் ‘மீன்’ என்பது பெரும்பாலும் பெயரற்ற ஒரு பொருளாக நின்றுவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து மீமிசல் போன்ற பாக் விரிகுடாக் கரையூர்களின் வீட்டுச் சமையல் இதற்கு நேர்மாறானது. அங்கு வலையில் அன்று விழுந்தது எது என்பதே குழம்பா, வறுவலா, புட்டா என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே அச்சமையலின் எளிமை பொருள்களின் குறைவில் இல்லை. மீனைப் பெயர் சொல்லி அறியும் அறிவில் உள்ளது. இவ்வறிவு கழுவுதல், புளியிடுதல், வேகவைத்தல் ஆகிய நிலைகளில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதையும், அதனை அகராதிகள் ஏன் பதிவு செய்யவில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மீமிசல், பாக் விரிகுடா, மீன்பெயர்கள், புளிக்குழம்பு, காரல், கருவாடு, நெய்தல்.

முன்னுரை

‘மீன் அரைக் கிலோ’ என்று தொடங்கும் சமையல் குறிப்பு ஒன்றைக் கடற்கரை ஊர்ப் பெண் ஒருவரிடம் படித்துக் காட்டினால், அவர் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன மீன்?’ என்பதாகவே இருக்கும். அக்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை குறிப்பின் எஞ்சிய வரிகளுக்கு அவரிடம் பொருளில்லை. சூடைக்கும் திருக்கைக்கும் ஒரே குழம்பு வைக்க இயலாது. கிழங்கானுக்கும் சுறாவுக்கும் ஒரே வேக்காடு பொருந்தாது. இந்த ‘என்ன மீன்?’ என்னும் கேள்விக்குள் அடங்கிக் கிடக்கும் அறிவே இக்கட்டுரையின் பொருள்.

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளில் உணவு பெரும்பாலும் சடங்கு, விழா, விருந்து ஆகியவற்றின் வழியாகவே நுழைகிறது. அன்றாடம் நண்பகலில் இரண்டு அடுப்புகளுக்கு நடுவே நிகழும் சமையல் ஆய்வுப் பொருளாவது அரிது. விழா உணவு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அதனால் நினைவில் நிற்கிறது. அன்றாட உணவு நாள்தோறும் நிகழ்வதாலேயே எவராலும் எழுதி வைக்கப்படாமல் போகிறது.

மீமிசலும் அதன் கடலும்

மீமிசல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த கரையூர். வடக்கே ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மணமேற்குடி, கட்டுமாவடி என ஊர்கள் நீள்கின்றன. தெற்கே சென்றால் இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி வரும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமே உடையது. இச்சிறு கரைக்கு ஆய்வுலகில் ஒரு சிக்கல் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. அதற்கு முன் இக்கரை தஞ்சை மாவட்டத்து அறந்தாங்கி வட்டத்தைச் சார்ந்திருந்தது. 1948இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்கோ கடலே இல்லை. ஆகவே ‘புதுக்கோட்டை உணவு’ என்று சமஸ்தானக் காலக் குறிப்புகளை வைத்து எழுதப்படுவன யாவும் உள்நாட்டுக் கண்மாய்ப் பகுதியின் உணவே. கடற்கரையைத் தஞ்சைப் பதிவுகளிலும் இராமநாதபுரப் பதிவுகளிலும் தேட வேண்டியிருக்கிறது. நிருவாக எல்லையை உணவு எல்லையாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டிற்கு இது நல்ல சான்று.

பாக் விரிகுடா ஆழமற்ற கடல். அதன் பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. அலை குறைவு. அடித்தளத்தில் சேறும் மணலும் விரிந்து, பரந்த கடற்புல் வெளிகளைத் தாங்குகின்றன. இப்புல்வெளியை நம்பி வாழும் ஆவுளியாவைக் காக்கத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 செப்டம்பரில் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்புல் ஆவுளியாவுக்கு மட்டும் உணவன்று. ஓரா மேய்வதும் அங்கேதான், இறாலும் நண்டும் குஞ்சு நிலையில் ஒளிந்து வளர்வதும் அங்கேதான். ஆழ்கடலின் பெருமீன்கள் இங்கு அரிது. சிறுமீன், நடுத்தர மீன், நண்டு, கணவாய் ஆகியவையே இக்கரையின் இயல்பான விளைச்சல். இதன் விளைவாக வீட்டுச் சமையலும் துண்டு மீனை மையமாகக் கொள்ளாமல் முழு மீனை மையமாகக் கொண்டு வளர்ந்துள்ளது.

இவ்விடத்தில் சொல்வழக்கு ஒன்றையும் சுட்ட வேண்டும். வளர்ப்பு மீனிலிருந்து வேறுபடுத்தி ‘இயற்கையாகப் பிடிக்கப்பட்ட மீன்’ எனச் சிறப்பித்துக் கூறும் தொடர் இக்கரையில் பழைய வழக்கன்று. தமிழ் மீனை நீரின்வழிப் பகுத்தது: கடல்மீன், ஆற்றுமீன், குளத்துமீன். பிடிபட்டதா வளர்த்ததா என்னும் பகுப்பு இறால் பண்ணைகளின் வருகைக்குப் பின்னரே தேவைப்பட்டது. அப்பண்ணைகள் தொடர்பாக ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது கடலோர மாவட்டங்கள் அறிந்த செய்தி. இன்று ‘கடல் இறால்’ என்று அடைமொழி சேர்த்துக் கேட்டு வாங்குகின்றனர். முன்பு இறால் என்றாலே கடல் இறால்தான்.

பெயரே முதல் செய்முறை

மீன்பெயர்களைப் பதிவு செய்யும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட ‘இந்திய மீன்கள்’ என்னும் ஆங்கிலப் பெருநூலில் மீன்களின் தமிழ்ப் பெயர்களையும் குறித்துச் சென்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி எண்ணற்ற மீன்பெயர்களுக்கு இடமளித்தது. ஆயினும் அப்பேரகராதியின் மீன் பதிவுகளைப் படிப்பவர், அவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருப்பதைக் காண்பர்: மீனின் நிறம் என்ன, எத்தனை அங்குலம் அல்லது அடி வளரும், விலங்கியல் பெயர் யாது. இவை மீனியல் வல்லுநரின் கேள்விகள். சமைப்பவரின் கேள்விகள் வேறு. முள் எங்கே இருக்கிறது? நெய் உண்டா? தோல் உரிய வேண்டுமா? குடல் எவ்வளவு விரைவில் அழுகும்? குழம்பில் உடையுமா, நிற்குமா?

இவ்விரண்டாம் வகைக் கேள்விகளுக்கு மீன்பெயரே விடையாக இயங்குகிறது என்பதைச் சில சான்றுகளால் விளக்கலாம்.

காரல், காரப்பொடி என்று வழங்கும் மீன் விரல் நீளத்திற்குச் சற்றே கூடுதலானது, வெள்ளித் தகடு போன்றது, தொட்டால் வழவழக்கும். வாயைக் குழல்போல் முன்னே நீட்டும் இயல்புடையது. இதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் நுண்ணுயிரிகள் வாழ்வதை உயிரியலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். சமைப்பவருக்கு முக்கியமானவை இதன் வழவழப்பும் முள்ளும்தான். சதை குறைவு, முள் மிகுதி, சாற்றின் சுவை மிக நன்று. எனவே காரலை வறுப்பதைவிட மெல்லிய குழம்பாக்குவதே தக்கது. மிளகும் சீரகமும் பூண்டும் அரைத்துக் கரைத்து, கொதி வந்ததும் மீனை இட்டு, இரண்டு மூன்று கொதியில் இறக்கிவிடுவர். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் ஊறும் என்று இக்குழம்பை ஊட்டுவது கடற்கரைகளில் பரவலான வழக்கம். அந்நம்பிக்கையின் மருத்துவ உண்மை இங்கு ஆய்வுப்பொருளன்று. காரம் குறைந்ததும் எளிதில் செரிப்பதும் புரதம் மிக்கதுமான உணவு அந்நிலையில் பொருத்தமானது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஓரா முற்றிலும் வேறு. யாழ்ப்பாணக் கரையில் ஒட்டி என்றும் ஓரா என்றும் வழங்கும் மீன்களும் இவ்வினத்தவையே. இது பாசியும் கடற்புல்லும் மேயும் மீன். முதுகில் 13 முள், அடிப்பகுதியில் 7 முள், வயிற்றுத் துடுப்புகளிலும் முள். அனைத்தும் நஞ்சுடையவை. குத்தினால் கடுக்கும், கைபொறுக்கும் அளவு வெந்நீரில் குத்துப்பட்ட இடத்தை அமிழ்த்தினால் வலி தணியும். வெப்பத்தில் அந்நஞ்சு சிதைவதால் சமைத்த மீனில் இடரில்லை. ஆனால் வெட்டுமுன் முட்களைக் களைவது கட்டாயம். மேயும் மீனாதலால் குடல் நீளம். குடலில் தழை நொதித்துக்கொண்டிருக்கும். வாங்கி வந்த உடனே குடலை எடுக்காவிட்டால் அந்நாற்றம் சதையில் இறங்கிவிடும். ‘ஓரா நாறும்’ என்று விலக்குவோர் பெரும்பாலும் குடல் எடுக்கத் தாமதித்த ஓராவை உண்டவர்களே. உடனே துப்புரவு செய்த ஓராவின் வறுவலுக்கு இக்கரையில் ஈடு குறைவு.

சூடை முள் நிறைந்தது, நெய்ப்புள்ளது, விரைவில் கெடுவது. கிழங்கான் மணல் நிறத்து நீள்மீன். சதை மென்மை, முள் எளிதில் பிரியும். குழந்தைகளுக்கும் நோயிலிருந்து தேறுவோருக்கும் கொடுப்பதற்கு ஏற்றது. மடவை முகத்துவாரங்களில் சேற்றோடு உணவு கொள்வது; இதன் இரைப்பை கோழியின் இரைப்பைபோல் தடித்தது; வயிற்றைக் கவனமாகக் கழுவாவிட்டால் மண்வாடை அடிக்கும். ஒவ்வொரு பெயரும் ஒரு கட்டளைத் தொகுதியைச் சுருக்கி வைத்திருக்கிறது. பெயர் மறந்தால் கட்டளையும் மறையும்.

கழுவுதல்

சமையல் நூல்கள் ‘மீனைச் சுத்தம் செய்து’ என்னும் ஒற்றை வினையெச்சத்தில் கடந்துவிடும் பகுதி இது. வீட்டில் மொத்த வேலையில் பாதி இதுவே. அரிவாள்மனையில் செதிலும் செவுளும் துடுப்பும் நீக்கியபின், சிறுமீன்களை உட்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்பிட்டு உரசுவர். இதற்கெனவே மீன் உரசும் சட்டி தனியே இருக்கும். அதில் வேறெதுவும் ஆக்குவதில்லை. உரசலில் நுண்செதில்களும் வழவழப்பும் கழன்று வரும். கழுவிய நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை நீர் மாற்றுவர். இறுதியில் மஞ்சளும், சிலர் சிறிது புளிக்கரைசலும் சேர்த்துப் பிசறி அலசுவர்.

இச்செயல்களுக்கு வேதியியல் அடிப்படை உண்டு. கடல்மீன்களின் தசையில் உப்புநீரைத் தாங்குவதற்காக ஒரு சேர்மம் இருக்கிறது. மீன் இறந்தபின் நுண்ணுயிரிகள் அதனை டிரைமெத்திலமைன் ஆக மாற்றுகின்றன. ‘மீன் வாடை’ என்று நாம் அறிவது பெரும்பாலும் இதுவே. இது காரத்தன்மையுடையது, புளியின் அமிலத்தோடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும், மூக்கை எட்டாது. இந்நுண்ணுயிரிகள் வாழ்வது தோலிலும் செவுளிலும் குடலிலுமே. ஆகவே அவற்றை முதலில் நீக்குவதும், எஞ்சிய வாடையைப் புளியால் கட்டுவதும் தருக்க முறைப்படி அமைந்த இரு படிகள்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வாடையை நீக்குவது கெட்ட மீனை நல்ல மீனாக்காது. சூரை, கானாங்கெளுத்தி, சூடை போன்ற மீன்கள் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. உண்டவர்க்கு முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி ஆகியவை தோன்றும். புளியும் மசாலாவும் அதனை மறைக்குமேயன்றி மாற்றா. இதனால்தான் இம்மீன்களை வாங்கும்போது கண்ணின் தெளிவையும் செவுளின் சிவப்பையும் விரலால் அழுத்தினால் சதை மீள்வதையும் பார்ப்பது சமையலின் பகுதியாகவே கருதப்படுகிறது.

புளியும் குழம்பும்

புளியிட்ட மீன் உணவின் பழமைக்கு அகநானூற்றின் 60ஆம் பாடல் சான்றாகிறது. குடவாயிற் கீரத்தனார் பாடிய அப்பாடலில், கடலில் திமிலோடு தொழில் செய்து தங்கிய தந்தைக்கு இளமகள் உணவு கொண்டு கொடுக்கிறாள். உப்பை விற்று மாற்றிய நெல்லின் வெண்சோறு. அதன்மேல் அயிலை மீன் இட்டுத் துழாவி ஆக்கிய புளிக்குழம்பு. உடன் கொழுமீன் துண்டு. ஒரு நெய்தல் வீட்டின் முழு உணவுப் பொருளாதாரமும் இச்சிறு காட்சியில் அடங்கியுள்ளது. நெல் கடற்கரையில் விளையவில்லை, உப்புக்கு மாற்றாக வந்தது. மீன் வீட்டுக்கு உரியது. புளி உள்நாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். மீனின் பெயர் பொதுவாக ‘மீன்’ என நில்லாமல் ‘அயிலை’ எனக் குறிக்கப்படுவதும் கருதத்தக்கது. புலவரும் ‘என்ன மீன்?’ என்னும் கேள்விக்கு விடை சொல்லியே செல்கிறார்.

அப்பாடல் சுட்டும் தொண்டி பொறையனுக்குரிய சேரநாட்டுத் தொண்டி, மேலைக் கடற்கரையது. மீமிசலுக்குத் தெற்கே உள்ள தொண்டி வேறு. பெயரொற்றுமையைக் கொண்டு இப்பாடலைப் பாக் விரிகுடாக் கரைக்கு உரிமையாக்குவது பிழையாகும். அதுபோலவே, சங்ககாலப் புளிக்குழம்பும் இன்றைய குழம்பும் ஒன்றெனக் கூறுவதும் பொருந்தாது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னர் வந்தவை. காலத்தால் பிரிந்த இரு புள்ளிகள் தாமாகவே ஒரு கோடாகிவிடா. எனினும் மீன், புளி, துழாவுதல் என்னும் அடிப்படைக் கூட்டு மாறவில்லை என்பதைக் குறிக்கலாம்.

இன்றைய வீட்டுக் குழம்பின் போக்கு வருமாறு. மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் கறிவேப்பிலையும் வதக்குவர். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் கரைத்த புளிநீரை ஊற்றி, உப்பிட்டு, பச்சை வாடை போகும்வரை நன்கு கொதிக்க விடுவர். குழம்பு சற்றே வற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்போதுதான் மீன் உள்ளே செல்லும். சிலர் அரைத்த தேங்காயோ தேங்காய்ப்பாலோ சேர்ப்பர். இக்கரையின் முஸ்லிம் வீடுகளில் குழம்பு ‘ஆணம்’ எனப்படும். தேங்காய்ப்பால் சேர்ந்த மீன் ஆணம் அவ்வீடுகளின் தனிச்சிறப்பு. மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து மாங்காயைக் கூட்டுவர்.

மீன் கடைசியில் சேர்வதற்கும், சேர்ந்தபின் கரண்டி இடாமல் சட்டியின் கழுத்தைப் பிடித்து அசைத்து விடுவதற்கும் காரணம் மீன் தசையின் அமைப்பில் உள்ளது. ஆட்டுத்தசையின் நார்கள் நீண்டவை. அவற்றைப் பிணைக்கும் இணைப்புத் திசு வலியது. நெடுநேர வேக்காடு வேண்டும். மீனின் தசை குறுகிய அடுக்குகளால் ஆனது. அடுக்குகளுக்கிடையே உள்ள சவ்வு மிக மெல்லியது. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியசிலேயே அது இளகத் தொடங்கும். அதன்பின் கரண்டி பட்டால் அடுக்குகள் பிரிந்து குழம்பில் கரையும். கொதிக்கும் குழம்பில் சிறுமீனுக்கு ஐந்து நிமிடமே மிகை. ஆகவே குழம்பை முதலில் முழுமையாக ஆக்கி முடித்துவிட்டு, மீனை அதில் வேகவைத்து இறக்குவதே முறையாயிற்று. மண்சட்டி அடுப்பிலிருந்து இறங்கிய பின்னும் நெடுநேரம் சூட்டைத் தாங்கும். அச்சூட்டையும் கணக்கில் கொண்டே சற்று முன்னதாக இறக்குவர். மேலும் மண்சட்டி புளியோடு வினைபுரியாது. அலுமினியப் பாத்திரம் புரியும். மறுநாள் குழம்பின் சுவை கூடுவது புளியும் உப்பும் சதைக்குள் சீராக இறங்குவதால். அமிலமும் உப்பும் மிக்க குழம்பு ஓரளவு கெடாமல் நிற்பதும் இதனோடு சேர்ந்தது.

புளியின் பயன் கடல்மீனோடு முடிவதில்லை. இதே மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில், கோடையில் வற்றும் கண்மாய்களில் ஊர்கூடி மீன்பிடிக்கும் வழக்கம் உண்டு. ஊத்தாவும் வலையும் கொண்டு விரால், கெளுத்தி, கெண்டை, குரவை ஆகியவற்றைப் பிடித்துச் செல்வர். அங்கும் குழம்பில் புளி தூக்கலாகவே இருக்கும். ஆனால் காரணம் வேறு. நன்னீர் மீனில் மேலோங்குவது சேற்றுவாடை. அதற்குரிய ஜியோஸ்மின் என்னும் சேர்மம் அமிலத்தில் சிதைகிறது. உயிருள்ள அயிரையைத் தேங்காய்ப்பாலில் விட்டு மண்ணைக் கக்கச் செய்யும் வழக்கமும் இவ்வாடையை முன்னிட்டதே. ஒரே புளி கடற்கரையில் ஒரு வாடையைக் கட்டுகிறது. கண்மாய்க்கரையில் மற்றொன்றைச் சிதைக்கிறது.

சுடுதல், வறுத்தல், புட்டு

நீர் சேராத சமையலில் பழமையானது சுடுதல். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் பாணர்க்குத் தருவது உலர்ந்த குழல் மீனைச் சுட்ட ‘சூடு’. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தார் உண்பது கடல் இறாவின் சூடு. ‘சூடு’ என்பது அங்குச் சுட்ட உணவையே குறிக்கும் பெயர்ச்சொல். இன்றும் கருவாட்டைத் தணலில் வாட்டிப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது மிக எளிய உணவாக நிலைத்திருக்கிறது. எண்ணெய் வேண்டாம், மசாலா வேண்டாம். உப்பு கருவாட்டிலேயே உண்டு.

வறுவல் குறித்து மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு பிசறி அரைமணி நேரம் ஊறவிட்டு, இரும்புக் கல்லில் குறைந்த எண்ணெயில் இருபுறமும் சிவக்க விடுவது. கல் நன்கு காயாமல் மீனை இட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஒருபுறம் இறுகும் முன் திருப்பினால் உடையும். கடையில் கிடைக்கும் வண்ணப் பொடிகள் மீனின் சுவையை மூடுகின்றனவே தவிர, கூட்டுவதில்லை.

புட்டு தனித்துக் கருதத்தக்கது. சுறாவும் திருக்கையும் எலும்பற்ற குருத்தெலும்பு மீன்கள். இவற்றின் தசையில் யூரியா மிகுதி. மீன் இறந்தபின் அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். ஆகவே இவற்றை நேரடியாகக் குழம்பிலிடாமல், மஞ்சள் சேர்த்த நீரில் வேகவைத்து அந்நீரை இறுத்துவிட்டு, தோலை உரித்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் இஞ்சி பூண்டும் வதக்கியதில் கிளறுவர். நீரில் கரையும் யூரியா இறுத்த நீரோடு வெளியேறிவிடுகிறது. முள்ளில்லாச் சதை உதிரியாகக் கிடைப்பதால் புட்டு என்னும் பெயரும் பொருந்திற்று. பிள்ளை பெற்றவர்க்குப் பால்சுறாப் புட்டு தருவதும் நெடிய வழக்கம். இன்று சுறா, திருக்கை இனங்கள் பலவும் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலை மேலும் விரித்தது. எது உண்ணத்தக்கது, எது சட்டத்தால் விலக்கப்பட்டது என்று பிரித்தறிய மீண்டும் மீன்பெயரையே நாட வேண்டியுள்ளது. ‘சுறா’ என்னும் பொதுப்பெயர் இங்கு எவ்விதத்திலும் உதவாது.

தடைக்காலத்து அடுப்பு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2017க்கு முன் இது 45 நாளாக இருந்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் இவ்விரு மாதங்களிலும் நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்கின்றன. கரையோரக் கடற்புல் வெளியின் சிறுமீனும் நண்டுமே அப்போது வீடுகளுக்கு வருவன. விலை ஏறும். அடுப்பு கருவாட்டை நோக்கித் திரும்பும். தடைக்காலமும் மாங்காய்ப் பருவமும் ஒன்றாக வருவதால், கருவாட்டோடு மாங்காயும் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் சேர்ந்த குழம்பு இம்மாதங்களுக்கே உரியதாகிறது. முன்பே உப்பிட்டு உலர்த்தி வைத்த கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து மிகையான உப்பை நீக்கியபின், குழம்பில் உப்பைக் குறைத்தே இடுவர். இது தெரியாமல் குறிப்பில் கண்ட அளவுக்கு உப்பிட்டவர் குழம்பை உண்ண முடியாது.

தடைக்காலம் நீங்கியபின் மற்றொரு மாற்றம் கண்ணில் படுகிறது. இழுவலைப் படகுகள் கொண்டுவரும் காரல் முதலிய சிறுமீன்களில் பெரும்பங்கு, பொடிமீன் என்னும் ஒரே பெயரில் கொட்டப்பட்டு, உலர்த்தப்பட்டு, மீன்தூளாகக் கோழித்தீவனத்திற்கும் வளர்ப்பு மீன்களின் தீனிக்கும் செல்கிறது. பிறந்த குழந்தையின் தாய்க்கு மிளகுக் குழம்பாக வந்த மீன், கோழிக்கறியாகவும் பண்ணை இறாலாகவும் உருமாறி, கூடிய விலையில் அதே வீட்டுக்குத் திரும்புகிறது. சிறுமீனை முள்ளோடு மென்று உண்ட ஏழை வீடுகளுக்கு அது சுண்ணாம்புச் சத்தின் மலிவான ஊற்றாகவும் இருந்தது. அந்த இழப்பை எந்தச் சந்தைக் கணக்கும் காட்டுவதில்லை. பெயர்கள் பொடிமீன் என்னும் குவியலில் கரையும்போது, பெயரோடு பிணைந்த செய்முறையும் உடன் கரைகிறது. இக்கரையில் பிறந்து நகரங்களில் வாழும் இளையோர் வஞ்சிரம், வவ்வால் என்னும் துண்டு மீன்களையே கேட்டு வாங்குவதற்கு, அவற்றின் சுவை மட்டும் காரணமன்று. ஓராவின் முள்ளையும் காரலின் வழவழப்பையும் கையாளும் அறிவு அவர்களை வந்தடையவில்லை என்பதும் காரணம்.

அடுக்களையின் அகராதி

கடற்கரை வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுப்போர் மீன்பெயரோடு நிறத்தையும் நீளத்தையும் குறிப்பதோடு நில்லாது, கழுவும் முறையையும் ஆக்கும் முறையையும் சேர்த்தால் பதிவின் வடிவம் எவ்வாறு அமையும் என்பதற்கு ஒரு மாதிரி:

காரல் (காரப்பொடி): பெயர்ச்சொல். விரலளவினும் சற்றுப் பெரிய, தட்டையான, வெள்ளி நிறக் கடல்மீன். வழவழப்பும் முள்ளும் மிகுதி. உரசும் சட்டியில் கல்லுப்பிட்டு உரசி, வயிற்றைப் பிதுக்கி, நீர் தெளியும்வரை கழுவுவது. புளி குறைவாக, மிளகு சீரகம் பூண்டு அரைத்த நீர்த்த குழம்புக்கு உரியது, இரண்டு மூன்று கொதியில் இறக்குக, கரண்டி இடலாகாது. பிள்ளை பெற்றவர்க்கு ஆகும் என்பர். மிஞ்சியது கருவாடு. பொடிமீன் எனக் குவியலாக விற்கும்போது பிற சிறுமீன்களோடு கலந்திருக்கும். வாயை இழுத்தால் குழல்போல் நீள்வதைக் கொண்டு பிரித்தெடுக்கலாம்.